படம் எடுக்கிற விதம் தலைமுறைக்குத் தலைமுறை ஏன் மாறுது?

கொட்டகலைக்காரன்:

வணக்கம். இங்க ரொம்ப நாளா வாசிக்கிறவன்தான், எழுதுறது இப்பதான்.

எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) வயசாகி தோட்ட வேலையில இருந்து நின்ன வாரத்தை ஒரு குறும்படமா எடுத்தேன். கூட்டாளியோட கமரா. பின்னணி இசை கிடையாது. வசனம் மொத்தமா பத்து வரி தேறாது. காலையில பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூடுற இடத்துக்கு) அம்மாயி நடந்து போறதை முதுகுப் பக்கமா இருந்தே, வெட்டாம, ஒரே ஷொட்டா வச்சிருக்கேன். பனி, ரோட்டோரத்து மானாப்புல், செருப்புச் சத்தம், அவ்வளவுதான். கொழுந்து நிறுக்கிற இடத்துல படம் முடியுது.

கூட்டாளிங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு. மாமாவுக்கும் போட்டுக் காட்டினேன். அவர் எண்பதுகளோட கடைசியில இருந்து இலங்கை மலையகத்துல கொட்டகலை, ஹட்டன், பத்தனை பக்கமெல்லாம் கல்யாண வீடியோ எடுத்தவர். பார்த்து முடிச்சதும், "மருமகனே, அம்மாயி முகம் எங்க? அவங்க மனசுல என்ன ஓடுதுன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது? யார் வந்தா, யார் போனான்னே தெரியலையே"ன்னு கேட்டார். நானும், "உங்க வீடியோவுல எல்லாரும் வரிசையா நின்னு லைட்டுக்குக் கண்ணைச் சுருக்கிட்டு நிக்கிறாங்க, சும்மா ஸூமை முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துட்டே இருக்கீங்க"ன்னு சொல்லிட்டேன். அதோட பேச்சு நின்னுபோச்சு.

ஆனா அவர் கேட்டது மனசுல கெடந்து உறுத்துது. ஒரே குடும்பம், ஒரே லயம் (தோட்டத்து வரிசை வீடு), ரெண்டு பேருக்கும் கமராதான் உயிர். பிறகு எப்படி அவர் கண்ணுக்குப் படமாத் தெரியிறது எனக்குத் தெரிய மாட்டேங்குது, என்னோடது அவருக்குத் தெரிய மாட்டேங்குது? ரசனைதான் மாறுதா, இல்ல கமரா மாறுறதாலயா, காசாலயா? எனக்குச் சென்னைப் படமும் போனும்தான் பள்ளிக்கூடம். நான் எடுக்கிறதுல எது என்னோடது, எது எங்கயோ பார்த்து ஒட்டிக்கிட்டதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

-----

பதுளை ரசிகன்:

எல்லாம் ரசிகரை வச்சுத்தான் சகோ. இப்ப யாருக்கும் பொறுமை இல்ல. போன்ல ஒரு நிமிஷத்துக்கு மேல ஒன்னையும் பார்க்க மாட்டாங்க. அதனால வேகமா வெட்டுறாங்க, சத்தமா மியூசிக் போடுறாங்க. அந்தக் காலத்து ஆளுங்க ராத்திரி முழுக்க கூத்துப் பார்த்தவங்க, அவங்களுக்கு மெதுவா எடுத்தாலும் சரி. சந்தை எப்படியோ ஸ்டைலும் அப்படி. நீங்க ரொம்ப யோசிக்காதீங்க.

-----

பழைய டெக்:

தம்பி, உன் கேள்வியைப் படிச்ச பிறகு பதில் எழுதாம இருக்க முடியல. நான் பண்டாரவளையில வீடியோ கடை வச்சிருந்தவன். தோட்டங்களுக்கு டிவியும் டெக்கும் (வீடியோ கசெட் ஓட்டுற பெட்டி) வாடகைக்குக் கொடுத்தோம். கரண்ட் வராத லயங்களுக்கு கார் பேட்டரியும் சேர்த்துத் தூக்கிட்டுப் போவோம். பிறகு கமரா வாங்கி கல்யாணம், சடங்கு, திருவிழான்னு எடுத்தோம். அதனால உன் மாமா பக்கம் நின்னு கொஞ்சம் பேசுறேன், பொறுத்துக்க.

பதுளைத் தம்பி சொல்ற பொறுமைக் கதையை நான் ஏத்துக்கல. இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லன்னா, நீ ஏன் அம்மாயியை வெட்டாம அவ்வளவு தூரம் நடக்க விட்ட? அந்த மெதுவான நடையை ஏத்துக்காதது வயசான மாமா. அப்ப அந்தக் கணக்கு இங்கேயே உதைக்குது.

முதல்ல, கையில என்ன சாமான் இருந்துச்சுன்னு பாரு. நாங்க தூக்கினது பெரிய கசெட் போடுற தோள் கமரா. அதுக்கு வெளிச்சம் பத்தவே பத்தாது. லயத்துக் காம்பராவுல (அறையில) எரியிற நாற்பது வாட் பல்புல எடுத்தா, சாம்பல் புள்ளி துள்ளுறது மட்டும்தான் தெரியும். அதனால ஆயிரம் வாட் லைட். அதைப் பிடிக்க ஒரு பையன். அந்த லைட்டுக்குக் கோயில் ஜெனரேட்டர்ல இருந்தோ, தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) பக்கமிருந்தோ வயர் இழுக்கணும். வயர் எட்டுற வரைக்கும்தான் லைட்டு, லைட்டு விழுற வரைக்கும்தான் கமரா. கிட்ட நடந்து போக வழியில்லாததாலதான் ஸூமை இழுத்தோம். வெளிச்சம் நாலஞ்சு ஆள் அகலத்துக்குத்தான் விழும், அதுக்குள்ள எல்லாரும் தெரியணும்னுதான் வரிசையா நிப்பாட்டினோம். நீ பழைய பாணின்னு சொல்றியே, அதுல பாதி அந்த வயரோட நீளம்.

எடிட்டிங்கும் அப்படித்தான். ரெண்டு டெக்கை வச்சு ஒரு கசெட்டுல இருந்து இன்னொரு கசெட்டுக்கு மாத்துவோம். ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் படம் மங்கும், கூறைச் சேலையோட சிவப்பு பக்கத்துல நிக்கிற ஆள் மேல வழியும். நடுவுல ஒரு ஷொட்டை எடுக்கணும்னா அதுக்குப் பின்னால ஒட்டினது அத்தனையையும் முதல்ல இருந்து ஒட்டணும். அதனால வெட்டாம இருக்கப் பழகினோம். தாலி கட்டுறது, பால் பழம், மொய் எழுதுறதுன்னு எல்லாத்தையும் எடுக்கும்போதே வரிசையா யோசிச்சு எடுத்தோம். கமராவை எப்ப நிப்பாட்டணும், எப்ப திரும்ப அழுத்தணுங்கிறதுதான் எங்களுக்கு எடிட்டிங்.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்னு இருக்கு. அந்தக் கசெட்டை யார் பார்க்கப் போறாங்க? 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம்ம குடும்பங்கள்ல பாதி இந்தியாவுக்குப் போயிருச்சு. அக்கா கூடலூர்ல, தம்பி கோத்தகிரியில, ஆத்தா அப்பன் இங்க. கல்யாணத்துக்கு வர முடியாதவங்களுக்குக் கசெட் போகும். எடுக்கும்போதே மாப்பிள்ளையோட அப்பா என் காதுகிட்ட வந்து சொல்வார், "அந்தா நிக்கிறாரே, அவரை நல்லா எடு. அவர் அண்ணன் அங்க இருந்து பார்ப்பாரு, இருபது வருஷமாச்சு பார்த்து." அப்ப நான் முதுகை எடுக்க முடியுமா தம்பி? உன் மாமா "யார் வந்தா, யார் போனா"ன்னு கேட்டாரே, அது சினிமா தெரியாம கேட்ட கேள்வி இல்ல. முகத்தைக் காட்டுறதுதான் அந்தப் படத்தோட வேலை. அவர் வாழ்க்கை முழுக்க அந்த வேலையைச் செஞ்சவர்.

பெரிய படத்துலயும் இதே கதைதான். முதல்ல வந்த தமிழ் பேசும் படங்கள்ல நடிகர் நடிச்சுக்கிட்டே பாடணும், மைக் எட்டுற இடத்துல அசையாம நிக்கணும். 1938-ல் வந்த 'நந்தகுமார்'லதான் தமிழ்ல முதல்ல பின்னணிப் பாட்டு. பாட்டைத் தனியாப் பதிஞ்ச பிறகுதான் பாடும்போதே நடக்கவும் ஓடவும் முடிஞ்சுது. 1950கள்ல 'பராசக்தி' மாதிரிப் படங்கள் வசனத்துல நின்னுச்சு, ஏன்னா எழுதினவங்களும் நடிச்சவங்களும் மேடையில இருந்து வந்தவங்க, பார்த்தவங்களும் மேடைக்குப் பழகினவங்க. அந்தக் கதை வசனம் இசைத்தட்டாவே வித்துச்சு. எங்க தோட்டத்துத் திருவிழாவுல குழாய் ஸ்பீக்கர்ல அதைப் போடுவாங்க. படமே பார்க்காதவங்க நீதிமன்ற வசனத்தை மூச்சுவிடாம சொல்வாங்க. காதால பார்த்த சினிமா அது.

பிறகு 1977-ல் '16 வயதினிலே'. ஸ்டூடியோவை விட்டுட்டு கிராமத்துலயே எடுத்தாங்க. கமரா எடை குறைஞ்சிருந்துச்சு. அந்தக் கமரா ஓடும்போது சத்தம் போடும், ஆனா வசனத்தைப் பிறகு டப்பிங்ல சேர்க்கப் போறாங்கன்னா அந்தச் சத்தத்தைப் பத்திக் கவலை இல்ல. வெளியில போக வழி கிடைச்சுது. இன்னொன்னு, ஸ்டூடியோவுல அட்டையில செஞ்ச கிராமத்தைப் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போன ஒரு கூட்டம் அதுக்குள்ள வளர்ந்திருந்துச்சு. சாமான் கதவைத் திறக்கும். அந்தக் கதவு வழியா போறவன், முந்தின ஆள் அளவுக்கு மேல ஊட்டினதை உதறத்தான் போறான். ரெண்டும் ஒரே நேரத்துல கூடி வரும்போதுதான் பாணி மாறுதுன்னு நான் நெனைக்கிறேன்.

அந்த மாறுற நேரம் எப்படி இருக்கும்னு கடையில கண்ணால பார்த்தேன். 'நாயகன்' கசெட் வந்த புதுசு. ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் மேல இருந்து வெளிச்சத்தை விட்டு, முகத்துல பாதியை இருட்டுலயே விட்டுருப்பார். அது கசெட்டுல பிரதிக்குப் பிரதி எடுத்து வரும்போது இன்னும் கருத்துப்போகும். வாடகைக்கு எடுத்துட்டுப் போன பெரியவங்க மறுநாள், "கசெட் பழுது, முகமே தெரியல"ன்னு திருப்பிக் கொண்டு வந்தாங்க. அவங்க மகன்மாரோ அதையே திரும்பத் திரும்ப வாடகைக்கு எடுத்தாங்க. உனக்கும் உன் மாமாவுக்கும் நடந்தது அதுதான்.

இன்னொரு விஷயம், யார்கிட்ட தொழில் பழகுறோங்கிறது. பாரதிராஜா கன்னடத்துல புட்டண்ணா கனகல்கிட்ட பழகினவர். பாரதிராஜாகிட்ட பாக்யராஜ். மட்டக்களப்புப் பக்கத்து அமிர்தகழியில பிறந்து புனே போய்ப் படிச்ச பாலு மகேந்திராகிட்ட பாலா, வெற்றிமாறன், ராம். இப்படிக் கைமாறி வரும்போது பாணி மெதுவா மாறும். மகன்ல அப்பன் ஜாடை தெரியிற மாதிரி பழையது கொஞ்சம் ஒட்டிட்டே இருக்கும். மணிரத்னம் யார்கிட்டயும் உதவியாளரா இருக்கல. அதே மாதிரி 2009க்குப் பிறகு 'நாளைய இயக்குநர்' டிவி நிகழ்ச்சி வழியா குறும்படம் எடுத்து நேரா வந்தவங்க, கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி மாதிரி ஆட்கள். அப்படிச் சங்கிலி அறுந்து புது வாசல் திறக்கும்போதுதான் பாணி ஒரேயடியா தாவுது.

இப்ப நம்ம மலைக்கு வா. நமக்குச் சங்கிலியே இல்ல. 1960களோட தொடக்கத்துல 'தோட்டக்காரி' வந்துச்சு. தொழிற்சங்கத் தலைவரா இருந்த வி.பி. கணேசன் 1975-ல் 'புதிய காற்று' எடுத்தார், 1978-ல் 'நான் உங்கள் தோழன்', 1981-ல் 'நாடு போற்ற வாழ்க'. நம்ம ஆள், நம்ம பிரச்சினை. பாணி சென்னைப் பாணிதான், சண்டையும் பாட்டும் இருக்கும், ஆனா ஒரு தொடக்கம். அடுத்த தலைமுறை அதைப் பார்த்து, 'இப்படி இல்ல, வேற மாதிரி எடுக்கணும்'னு சண்டை பிடிச்சிருக்கணும். அதுக்குள்ள 1983 ஜூலைக் கலவரம். ஹெந்தளையில தயாரிப்பாளர் குணரத்தினத்தோட விஜயா ஸ்டூடியோவை எரிச்சாங்க. சிங்களப் படங்களோட நெகட்டிவும் சேர்ந்து எரிஞ்சுது. தமிழ்ல படம் எடுக்கப் பணம் போடுறவன், தொழில் தெரிஞ்சவன், எல்லாம் சிதறிப்போனாங்க.

அதனால நீ கமராவைத் தூக்கும்போது சண்டை பிடிக்கப் பக்கத்துல ஆள் இல்ல. நீ சென்னையோட சண்டை பிடிக்கிற, இல்லன்னா போன்ல பார்த்த ஈரான் படத்தோட, கொரியப் படத்தோட. எது உன்னோடதுன்னு தெரியாம நிக்கிறதுக்கு இதுதான் காரணம்னு எனக்குப் படுது. ஆனா நடுவுல அந்த இருபது முப்பது வருஷம் இந்த மலையில கமரா ஓடாம இல்ல தம்பி. கல்யாணத்துல, சடங்குல, காமன் கூத்துல, சாவு வீட்டுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. மலையகத்துல உனக்கு முந்தின தலைமுறைப் படக்காரர் யாருன்னா, அது உன் மாமாதான். அவர் எடுத்ததை முழுசாப் பார்த்துட்டு அவரோட சண்டை பிடி. அந்தச் சண்டையில இருந்து வர்ற படம் நிச்சயமா உன்னோடதா இருக்கும்.

-----

மஸ்கெலியா மகள்:

டெக் அண்ணன் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். கூடலூருக்குப் போன கசெட் பற்றிய பகுதி எங்கள் வீட்டுக் கதையும்தான். நான் ஆவணப்படங்கள் எடுக்கிறேன், பெரும்பாலும் தோட்டத்துப் பெண்களோடு. அண்ணன் தொடாத ஒரு பக்கத்தைச் சொல்ல வேண்டும்: கமரா எங்கே நிற்கிறது, யாருக்காக நிற்கிறது என்பது.

1934-இல் பாசில் ரைட் என்ற ஆங்கிலேயர் இலங்கையைப் பற்றி 'சோங் ஒஃப் சிலோன்' என்ற படத்தை எடுத்தார். பணம் தேயிலைப் பிரசார சபையுடையது. உலக ஆவணப்பட வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு, அதில் எனக்கு மறுப்பில்லை. மூன்றாம் பகுதியில் நம் நாட்டுக் காட்சிகளின் மேல் வர்த்தகக் குரல்கள் ஓடும், விலை, கப்பல், கட்டளை என்று. படத்துக்கும் ஒலிக்கும் இடையில் அப்படி ஒரு உரசலை அந்தக் காலத்தில் யோசித்தது பெரிய விஷயம். ஆனால் இங்கே எடுத்தது படம் மட்டுமே, ஒலியை லண்டனில்தான் சேர்த்தார்கள். உழைக்கும் உடம்புகள் இங்கிருந்து, வர்த்தகக் குரல்கள் அங்கிருந்து. நம் ஆட்கள் யாரும் அதில் தங்கள் கதையைப் பேசுவதில்லை.

இப்போது ட்ரோன். மலைமேல் பறந்து பச்சைப் படிக்கட்டுகளைக் காட்டி, நடுவே கொழுந்துக்கூடையோடு நாலு வண்ணப் புள்ளிகள். சுற்றுலா விளம்பரம், கல்யாணப் பாட்டு, யூடியூப், எதைத் திறந்தாலும் அதுதான். சாமான் புதிது, ஆனால் கமரா நிற்கும் இடம் 1934-ஐ விடத் தூரமாகப் போய்விட்டது. அதனால்தான் கருவி மாறினால் பாணி மாறும் என்ற பேச்சை நான் அரைவாசிதான் நம்புகிறேன். பார்க்கிறவருக்கும் பார்க்கப்படுகிறவருக்கும் உள்ள உறவு மாறாவிட்டால், புதுக் கருவியும் பழைய படத்தைத்தான் எடுக்கும்.

மாறியபோது என்ன நடந்தது என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ' 1947-இல் வந்தது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர், எடுத்தது மதுரை ஸ்டூடியோவில். அதன்பின் வந்த சிங்களப் படங்களும் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோக்களில், அதே அச்சில்தான். 1956-இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்தை ஸ்டூடியோவுக்கு வெளியே, கிராமத்தில் எடுத்தார். தமிழில் '16 வயதினிலே' வருவதற்கு இருபத்தொரு வருடம் முன்னால். அவரும் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்தவும் அரசாங்கத் திரைப்படப் பிரிவில் ஆவணப்படம் எடுத்துப் பழகியவர்கள். வெயிலில், வயலில், நிஜ மனிதர் முன்னால் நின்ற பழக்கம் அவர்களுக்கு ஏற்கனவே இருந்தது. 'ரேகாவ'வில் மாறியது அந்தப் பழக்கத்தின் பயன்.

தம்பி, உன் படத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் முதுகுப் பக்க ஷொட்டைப் பற்றி உன்னிடம் நேராகக் கேட்கிறேன். அதை அம்மாயி கேட்டாரா, கதை கேட்டதா, அல்லது விழாக்களுக்குப் போகிற படங்களில் பார்த்ததா? நான் பெண்களைப் படமெடுக்கும்போது, கமராவைக் கண்டதும் அவர்கள் செய்வது ஒன்றுதான். கையை உடுப்பில் துடைத்து, தலைத்துண்டைச் சரிசெய்து, நிமிர்ந்து நின்று நேராக லென்ஸைப் பார்ப்பார்கள். ஸ்டூடியோவுக்குப் போய் குடும்பப் படம் எடுத்த தலைமுறை அப்படித்தான் நிற்கும். நம்மைப் போன்றவர்கள் உடனே, "கமராவைப் பார்க்காதீங்க, நீங்க பாட்டுக்கு வேலையைச் செய்யுங்க" என்கிறோம். அதைச் சொல்லும்போது நாம் அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம் என்று யோசி. ரோட்டில் வேனை நிறுத்தி, கேட்காமலேயே படமெடுத்துப் போகும் வெளிநாட்டுக்காரருக்கு முன்னால் அவர்களுக்கு அந்த உரிமை கிடைப்பதில்லை. உன் மாமாவின் வீடியோவில் எல்லாரும் கமராவைப் பார்த்தார்கள் என்றால், அங்கே தாங்கள் யாராகத் தெரிய வேண்டும் என்பதை அவர்களே முடிவுசெய்தார்கள். நான் இப்போது எடுக்கும் படத்தில் ஒவ்வொருவரையும் முதலில் அப்படி நிற்கவிட்டு, அவர்களாகக் கண்ணை எடுக்கும் வரை கமராவை ஓடவிடுகிறேன். வேலைக் காட்சிகள் அதற்குப் பிறகுதான்.

நம் தலைமுறைக்கு உண்மையிலேயே புதிதாகக் கிடைத்திருப்பது இருட்டு. லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முழு அளவு சென்சார் (கமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் சில்லு) உள்ள கமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டால், ஒரு சுவரில் முதுகு முட்டி நின்றாலும் எதிர்ச் சுவரோரம் நிற்கும் ஆளின் முழு உருவம் அடங்காது. 24 அல்லது 28 வேண்டும். அண்ணனின் தோள் கமராவுக்கு அந்த அறைக்குள் ஆயிரம் வாட் தேவைப்பட்டது, அந்த லைட் எரிந்ததும் அது லயமாக இருக்காது, கல்யாண மண்டபமாகிவிடும். இப்போதைய சென்சார் அடுப்பு வெளிச்சத்திலேயே அம்மாயியின் முகத்தைப் பிடிக்கும். விடியக்காலை நாலரைக்கு ரொட்டி சுடும் பெண்ணின் முகத்தை, எதையும் கலைக்காமல் எடுக்க முடிகிற முதல் தலைமுறை நாம். அந்த வசதி கையில் இருக்கும்போது அதை முதுகுக்குச் செலவழிக்காதே என்றுதான் நானும் சொல்வேன். மாமா சொன்னதையே வேறு வழியாகச் சொல்கிறேன் போல.

சுமதி சிவமோகனின் 'இங்கிருந்து' (2013), பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்' (2023) இரண்டையும் கிடைத்தால் பார். முதலாவதில் மலையக மக்கள் கதையின் நடுவில் நிற்கிறார்கள். இரண்டாவது, பொருளாதார நெருக்கடிக் காலத்தில் நம் மலைக்குச் சுற்றுலா வந்த இந்தியத் தம்பதியின் கண் வழியாகப் போகிறது. ஒரே மலை, கமரா நிற்கும் இடம் வேறு.

-----

கொட்டகலைக்காரன்:

அண்ணே, அக்கா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. முதுகு ஷொட்டைக் கதை கேட்கல அக்கா. ஒரு படத்துல பார்த்தது மனசுல இருந்துச்சு. ஆனா அந்த நடையை முழுசா விட எனக்கு மனசில்ல, ஏன்னா அம்மாயி நடக்கிற வேகம் அதுல இருக்கு. காலை வச்சு நடக்கிற விதத்துலயே எத்தனை வருஷம் அந்த ஏத்தத்துல ஏறினாங்கன்னு தெரியும். நடையை வச்சுக்கிட்டு, அடுப்படியில முகத்தைப் புதுசா எடுக்கப் போறேன். நேத்து அம்மாயிகிட்ட கேட்டேன், "நல்ல சேலை கட்டிட்டு உக்காரவா?"ன்னாங்க. கட்டுங்கன்னு சொல்லிட்டேன்.

மாமாகிட்டயும் போனேன். டெக் அண்ணன் எழுதினதை போன்ல வாசிச்சுக் காட்டினேன். வயரைப் பத்தி எழுதின இடத்துல சிரிச்சுட்டார். பிறகு கட்டிலுக்கு அடியில இருந்து ஒரு ரங்குப்பெட்டியை இழுத்தார். முழுக்க கசெட். கல்யாணம் மட்டும் இல்ல, மாசியில ஆடின காமன் கூத்து, ஒரு தேர்த் திருவிழா, இப்ப மண்சரிவுல இல்லாமப்போன லயத்துல நடந்த ஒரு சடங்கு, எல்லாம் இருக்கு. பிரச்சினை என்னன்னா, நிறையக் கசெட்டுல ஜன்னல் வழியா பார்த்தா டேப் சுருள் மேல வெள்ளையா பூஞ்சணம் பிடிச்சிருக்கு. மாமாவோட டெக்கும் ஓடல. என்ன செய்யலாம் அண்ணே?

-----

பழைய டெக்:

தம்பி, முதல்ல ஒன்னு. பூஞ்சணம் பிடிச்ச கசெட்டை எந்த டெக்லயும் போட்டுப் பார்க்காத. டேப் அறுந்து போகும், அந்தத் தூசு டெக்கோட ஹெட்ல ஏறி, அடுத்துப் போடுற நல்ல கசெட்டையும் கெடுக்கும். நம்ம மலை ஈரத்துக்கு இது வராத வீடே இல்ல.

கெட்டதையும் நல்லதையும் வேற வேற பெட்டியாப் பிரி. கெட்டதை, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுல நிறைய சிலிக்கா ஜெல்லோட போட்டு நல்லாக் காய விடு. வெயில்ல வைக்காத, அடுப்புப் பக்கம் வைக்கவே வைக்காத. ஈரம் போனதும் பூஞ்சணம் பொடியா உதிர்ற பதத்துக்கு வரும். அதுக்குப் பிறகு வாசல்ல வச்சு, மூக்கைக் கட்டிக்கிட்டு, கசெட்டோட அடிப்பக்கத்து அஞ்சு ஸ்குரூவைக் கழட்டித் திற. உள்ள எது எந்தப் பக்கம் இருக்குன்னு திறந்ததும் போன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்க, ஸ்பிரிங்கும் உருளையும் துள்ளிப் போகும். சுருளோட ஓரத்தை நூல் உதிராத துணியால மெதுவாத் துடை. டேப்போட பளபளப்பான முகத்தை விரலால தொடாத. முதல் தடவை, போனாப் பரவாயில்லைன்னு மாமா சொல்ற ஒரு கசெட்டுல கை பழகு. கூத்தும், மண்ணுக்குள்ள போன அந்த லயத்துச் சடங்கும் கடைசியா, கை நல்லாப் பழகின பிறகு.

கம்ப்யூட்டருக்கு ஏத்தும்போது, நம்ம நாட்டுக் கசெட் பால் (PAL) வீடியோ முறை. 720க்கு 576, நொடிக்கு 25 பிரேம், அப்படியே ஏத்து. அகலத் திரைக்காக இழுத்துப் பெரிசாக்காத, நாலுக்கு மூணு அளவிலேயே வை. கோடு கோடாத் தெரியுதுன்னு முதல் பிரதியில கை வைக்காத. அழகுபடுத்துறதை வேற பிரதியில செஞ்சுக்க. ஒவ்வொரு கசெட் ஓடும்போதும் மாமாவைப் பக்கத்துல உக்கார வச்சு, திரையில வர்றவங்க யாருன்னு அவர் சொல்றதைப் போன்ல பதிஞ்சுடு. இன்னும் பத்து வருஷம் போனா அந்தப் பெயர்களைச் சொல்ல ஆள் இருக்காது.

டெக்குக்கு அலைய வேணாம். என்கிட்ட ஒன்னு இன்னும் நல்லா ஓடுது. பூஞ்சணம் பிடிச்ச கசெட்டுக்குன்னு ஒதுக்கி வைக்க, ஹெட் தேஞ்ச பழைய டெக் இன்னொன்னும் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்கு ரயில்ல வா, ரெண்டையும் கொடுத்து விடுறேன். முடிஞ்சா மாமாவையும் கூட்டிட்டு வா.